யாருக்கும் கோபம் வராத தலைப்பு

கனடாவின் மொன்றியல் நகரத்தில் யாழ்ப்பாணத்தார் இரண்டு பேர் முதல்முறையாகச் சந்தித்தால், மூன்றாவது பேச்சுக்குள் "நீங்கள் ஊரில எவடம்?" வந்துவிடும். கேட்பவர் அன்பாகத்தான் கேட்பார். ஊரைச் சொன்னால் கோயிலைக் கேட்பார், கோயிலைச் சொன்னால் தகப்பன் பேரைக் கேட்பார். அதற்குப் பிறகு கேட்க ஒன்றுமில்லை. ஆள் இன்னார் என்று பிடிபட்டுவிடும், பேச்சு பனிக்கும் பஸ்ஸுக்கும் தாவிவிடும். அக்னெஸ் பதினாறு வருஷமாக இந்த ஒரு கேள்விக்குப் பயந்து வாழ்ந்தாள். மெட்ரோவில் பின்னாலிருந்து தமிழ் கேட்டால், அடுத்த நிலையத்தில் இறங்கி வேறு பெட்டியில் ஏறுவாள்.

அவளுடைய ஊர் கண்டல்துறை. சின்ன ஊருக்கு இரண்டு கோயில். கடற்கரைப் பக்கம் மாதா கோயில், பனங்கூடலுக்குப் பின்னால் அந்தோனியார் கோயில். இரண்டுக்கும் ஒரே சுவாமியார்தான் பூசை வைப்பார், இரண்டிலும் ஒரே வேதாகமம்தான் வாசிப்பார்கள். ஆனால் அந்தோனியார் கோயில் சனம் மாதா கோயில் திருநாளுக்குப் போனால் வாசலுக்கு வெளியே மணலில் முழங்காலில் நிற்க வேண்டும். அவர்களுடைய பாட்டன் பூட்டன்மாரை அடிமை என்று விற்று வாங்கிய காலம் ஒன்று இருந்ததாம். அந்தச் சனத்தில் ஒருவரான அக்னெஸின் தகப்பன் சவிரியான் அதைத் தன் வாழ்நாளில் ஒரே ஒரு தரம், வீட்டுக்குள் இருந்துகொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார். அந்த அடிமைச் சட்டம் எடுபட்டு எத்தனையோ தலைமுறை ஆகியும் வாசல் மணல் மட்டும் அவர்களுக்கே இருந்தது.

கண்டல்துறைச் சனம் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும்தான் போனது. மொன்றியலில் ஒருவரும் இல்லை என்று விசாரித்து அறிந்த பிறகுதான் அவள் இங்கே வந்திறங்கினாள். பற்றிக்கைக் கலியாணம் கட்டினாள். அவன் மன்னாரான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் "சரி, சாப்பிடுவமே?" என்றான். அன்றிலிருந்து யார் கேட்டாலும் அவளுக்கும் ஊர் மன்னார்தான். வில்லரேயில் மூன்றாம் மாடியில் வீடு, சென்ட் லோரன்டில் மருந்துக் கொம்பனியில் குளிசை அடைக்கிற வேலை, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிப்பது. குரல் அவளுக்கு அப்படி. ஒலிவாங்கி பழுதானால்கூடக் கடைசி வாங்கு வரிசை வரைக்கும் கேட்கும்.

இரண்டாம் மாடியில் எலிசா இருந்தாள். அக்னெஸை விட ஏழெட்டு வயது இளையவள். "அக்கா அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டு கதவைத் தட்டாமலே உள்ளே வந்து குசினியில் அடுப்படியில் நிற்பாள். அக்னெஸுக்கு பிரசவத்தில் பிள்ளை தவறியபோது, நாற்பது நாளும் சமைத்துக் கொண்டுவந்து ஊட்டியவள் எலிசாதான். அப்படிப்பட்டவள் ஒருநாள் அக்னெஸ் வீட்டுத் தொட்டியில் கப் கழுவிக்கொண்டே, கோயில் பங்கில் புதிதாக வந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொன்னாள். "நல்ல சனம்தான் அக்கா. ஆனா எங்கட ஆக்கள் இல்லை. அவை வந்து குடிச்சா நான் கப்பைப் புறம்பா எடுத்து வைச்சிடுவன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அக்னெஸும் சிரித்தாள். அன்று இரவு அவளுக்கு நித்திரை வரவில்லை. எலிசா தன்னை விட்டுப் போய்விடுவாள், அதுவும் சண்டை பிடிக்காமல், மெல்ல மெல்லப் படியேறுவதைக் குறைத்துப் போவாள் என்ற பயம் அதற்குப் பிறகு அவள் நெஞ்சை விட்டு இறங்கவே இல்லை.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டுப் பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றம் வைப்பது என்று விழாக் குழு முடிவெடுத்தது. தலைப்புத்தான் அகப்படவில்லை. ஊரில் மறுபடியும் போர். இங்கே சங்கக் கதவுகளைப் பொலிஸ் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. யார் மேடையில் எதைச் சொன்னால் அது எந்தக் காதுக்குப் போகும் என்று ஒருவருக்கும் தெரியாது. தாயகம் பற்றித் தலைப்பு வைத்தால் பாதிச் சனம் வராது. மாமியார் மருமகள் என்று வைத்தால் பெண்கள் எழும்பிப் போய்விடுவார்கள் என்றார்கள். குழுச் செயலாளர் அருமைராசாவுக்குத் தலை வெடித்தது. நடுவராக வர ஒப்புக்கொண்ட ரகுநாதன்தான் வழி சொன்னார். அவர் தமிழ்நாட்டுக்காரர், இங்கே முப்பது வருஷம் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர்.

"அமெரிக்காவை எடுத்துக்குவோம். நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி வெள்ளைக்காரங்க அவங்களுக்குள்ள போட்டுக்கிட்ட சண்டை. நம்ம யாருக்கும் கோபம் வராது" என்றார்.

குழு நிம்மதிப் பெருமூச்சு விட்டது. பாவம், எங்கள் ஆட்கள்! கோபம் வராத தலைப்பு என்று தேடித் தேடிப் போய் எதில் கை வைத்தார்கள் பாருங்கள்.

தலைப்பு இதுதான். அமெரிக்கா மேற்கே பரந்துகொண்டு போன காலத்தில், புதிதாகச் சேர்ந்த நிலங்களில் அடிமை முறை இருக்கலாமா கூடாதா என்று தெற்கும் வடக்கும் மோதிக்கொண்டன. முதலில் ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு வடக்கே புதிய நிலத்தில் அடிமை கூடாது என்றார்கள். பிறகு கன்சாஸ் என்ற பெருநிலம் வந்தபோது, கிழித்த கோட்டை அழித்துவிட்டு, அங்கே குடியேறுகிறவர்களே வாக்குப் போட்டு முடிவு செய்யட்டும் என்று சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டம் சரியா, அல்லது நாட்டின் பாராளுமன்றமே அடிமை முறையைத் தடுத்திருக்க வேண்டுமா? இதைத்தான் இரண்டு அணியாகப் பிரிந்து பேச வேண்டும்.

அக்னெஸின் பெயரைக் கொடுத்தது எலிசா. "எங்கட அக்காவின்ர குரலுக்கு ஆர் நிப்பினம்?" என்று பெருமையாகச் சொல்லி அவள் தலையில் கட்டிவிட்டாள். சீட்டுக் குலுக்கியதில், குடியேறியவர்களே முடிவு செய்யட்டும் என்கிற அணி அக்னெஸுக்கு விழுந்தது.

ரகுநாதன் தந்த கட்டுரைகளை அவள் மத்தியான இடைவேளையில், கொம்பனிச் சாப்பாட்டு அறையில், அகராதியோடு வாசித்தாள். முதல் இரண்டு நாள் பாடம் படிப்பதுபோலத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் வாசித்தாள். வாக்கெடுப்பு நாளில் பக்கத்து மிசூரியிலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்கள் துவக்கும் கத்தியுமாக எல்லை தாண்டி வந்து, வாக்குப் போட்டுவிட்டுத் தங்கள் வீட்டுக்குப் போனார்கள். அந்த நிலத்தில் இருந்த வாக்காளரை விட விழுந்த வாக்கு இரண்டு மடங்குக்கு மேல். அப்படி வந்த சபை, அடிமை வைத்திருக்க ஒருவருக்கும் உரிமை இல்லை என்று வாயால் சொன்னாலே சிறை என்று சட்டம் எழுதியது. எதிர்த்தவர்களின் ஊர் எரிந்தது. அதற்குப் பழிவாங்க வந்தவர்கள் ஆட்களை வீட்டிலிருந்து இழுத்துப் போய் வெட்டினார்கள்.

அதைவிட அவளை உலுக்கியது வேறொன்று. அடிமைகள் தப்பி ஓடி வடக்கே போய், பேரை மாற்றி, வேலை தேடி, பிள்ளை குட்டியோடு இருந்தாலும், பழைய எசமானின் ஆள் வந்து அடையாளம் காட்டினால் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று இன்னொரு சட்டம் இருந்தது. அதனால்தான் அவர்கள் அங்கேயும் நிற்காமல் கனடா வரைக்கும் ஓடி வந்தார்கள். அக்னெஸ் கட்டுரையை மடித்து வைத்துவிட்டுச் சாப்பாட்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். அடையாளம் காட்ட ஓர் ஆள் போதும் என்று நினைத்தாள். சோற்றுப் பெட்டியை மூடினாள்.

அந்த ஆளும் வந்து சேர்ந்தது. விழாவுக்கு முதல் கிழமை எலிசாவோடு ஜான்-டலோன் சந்தைக்குப் போயிருந்தபோது, வெண்டிக்காய்ப் பெட்டிக்கு முன்னால் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தடித்த புதுக் கோட்டுக்குள் புதைந்துபோய் நின்றார்.

"அக்கா, இவ றோசா அன்ரி. மகன் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டது, வந்து ஒரு மாசம்தான்" என்று எலிசா அறிமுகம் செய்தாள். "ஊரில எவடம் எண்டனீங்கள், அன்ரி?"

"கண்டல்துறை, பிள்ளை. மாதா கோயிலடி."

அக்னெஸ் ஓர் அடி பின்னால் எடுத்து வைத்தாள். பதினாறு வருஷமாக எந்த ஊரை விட்டு ஓடினாளோ அந்த ஊர், அதுவும் எந்தக் கோயிலின் வாசல் மணலில் நின்றாளோ அந்தக் கோயில், வெண்டிக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டு முன்னால் நின்றது. றோசா அவளையே பார்த்தார். பார்வையை எடுக்கவில்லை.

"நீங்கள் எவடம், பிள்ளை?"

"மன்னார்."

"மன்னாரோ? உங்கட முகவெட்டு..." என்று றோசா தொடங்கினார்.

அக்னெஸ் காது கேளாதவள்போல் கடைக்காரனிடம் விலை கேட்டு, மிச்சக் காசையும் வாங்காமல், தலையிடிக்கிறது என்று எலிசாவிடம் சொல்லிவிட்டு மெட்ரோ படிகளில் இறங்கினாள். வீடு வரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். முகத்தை எங்கே கொண்டுபோய் ஒளிக்க முடியும்? அது அச்சடித்ததுபோலத் தகப்பனின் முகம்.

பற்றிக் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான். "சுகமில்லை எண்டு சொல்லிப்போட்டு வீட்டில நில்லும். உமக்கென்ன, உந்தப் பட்டிமன்றம் நடக்காட்டி உலகம் அழிஞ்சு போகுமே?"

அவள் அருமைராசாவுக்குப் போன் எடுத்தாள். அவர் அழாக்குறையாக மன்றாடினார். "தங்கச்சி, ஏற்கனவே ரண்டு பேர் கழண்டிட்டினம். நீங்களும் வராம நிண்டா நான் அந்த மேடையில ஏறி நாண்டுகொண்டு சாகவேணும். உங்களை அறிமுகப்படுத்தப் பேரும் பிறந்த ஊரும் படிச்ச பள்ளிக்கூடமும் மட்டும் சொல்லுங்கோ, காணும்." எங்கள் மேடைகளில் ஒருவரைப் பேசக் கூப்பிடும் முன் அவர் பிறந்த ஊரைச் சொல்லாவிட்டால் ஒலிவாங்கிக்கே தீட்டு. அக்னெஸ் "மன்னார்" என்றாள். பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பொய் சொன்னாள். வேறென்ன செய்வாள்?

விழா ஞாயிறு மத்தியானம், கோயிலின் கீழ்மண்டபத்தில் நடந்தது. வெளியே முழங்கால் அளவு பனி, உள்ளே பொங்கல் வாசமும் ஈரக் கோட்டு வாசமும். மேடையில் உட்கார்ந்ததும் அக்னெஸ் முதல் வரிசையைப் பார்த்தாள். எலிசா கையாட்டினாள். எலிசாவுக்குப் பக்கத்தில் றோசா இருந்தார். அக்னெஸ் குறிப்புத் தாளைப் புரட்டினாள். "மன்னார் மண்ணின் மகள்" என்று அருமைராசா முழங்கியபோது, றோசாவின் தலை சட்டென்று நிமிர்ந்ததை அவள் கண்டாள். இதோ எழும்பப் போகிறார், இவள் மன்னாருமில்லை ஒன்றுமில்லை, எங்கள் கோயில் வாசலில் நின்ற சவிரியானின் மகள் என்று சொல்லப் போகிறார் என்று அக்னெஸ் காத்திருந்தாள். றோசா எழும்பவில்லை.

பயத்தில் சிலருக்குக் குரல் அடைக்கும். அக்னெஸுக்குப் பயத்தில் குரல் திறந்தது. நிறுத்தினால் கேள்வி வரும் என்பதுபோல அவள் நிறுத்தாமல் பேசினாள். "ஒரு மண்ணில வாழுற சனத்தின்ர தலைவிதியை எங்கேயோ தூரத்தில இருக்கிற ஒரு பாராளுமன்றம் எப்பிடி எழுதலாம்? அந்த மண்ணைக் கொத்தி, அந்த மண்ணில வீடு கட்டி, அந்த மண்ணில பிள்ளையைப் புதைச்சவன் முடிவு செய்யட்டும்! சனம் முடிவு செய்யட்டும்!"

மண்டபம் அதிர்ந்தது. விசிலடித்தார்கள். பின்வரிசையில் ஒரு கிழவர் எழுந்து நின்று கண்ணைத் துடைத்தார். கன்சாஸ் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. அவர் காதில் விழுந்தது அவருடைய மண். அருமைராசா வேர்த்து விறுவிறுத்து, பொலிஸ் வந்துவிடுமோ என்று வாசல் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் வராத தலைப்பில் இப்படி ஒரு வெடி இருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். எதிரணி பேசியது ஒருவர் காதிலும் ஏறவில்லை.

ரகுநாதன் ஒலிவாங்கியைப் பிடித்தார். "தீர்ப்பு நான் சொல்றதுக்கு முன்னாடி, சபையே வாக்களிக்கட்டுமே? அடிமை முறை வேணுமா வேணாமான்னு குடியேறினவங்களே முடிவு பண்ணிக்கலாம்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க."

மண்டபம் முழுக்கக் கைகள். ஆண்கள், பெண்கள், பாடகர் குழு, பொங்கல் கிண்டிய கரண்டியோடு ஒரு கை. எலிசா ஒரு கையல்ல, இரண்டு கையையும் தூக்கி, அக்னெஸைப் பார்த்து முகம் மலரச் சிரித்தாள். தன் அக்கா வென்றுவிட்டாள் என்கிற சந்தோஷம் அவளுக்கு. றோசாவின் கையும் மெதுவாக எழுந்தது.

அக்னெஸ் வரிசை வரிசையாக அந்தக் கைகளைப் பார்த்தாள். இவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவளுக்குச் சோறு ஊட்டியவர்கள், அவளுடைய பிள்ளையின் சவப்பெட்டியைத் தூக்கியவர்கள். இவர்கள்தான் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, ஒரு மனுசனை இன்னொரு மனுசன் வைத்திருக்கலாமா என்பதை வாக்குக்கு விடலாம் என்று கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கைகளைத் தூக்க வைத்ததும் அவள்தான். துவக்கோடு வந்தவர்களைப் பற்றி வாசித்தபோது வந்ததை விடப் பெரிய பயம் இந்தச் சிரித்த முகங்களைப் பார்த்தபோது வந்தது.

"ஜெயிச்ச அணி சார்பா ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றார் ரகுநாதன்.

அவள் ஒலிவாங்கிக்கு வந்தாள். "கை தூக்கின நீங்கள் ஒருத்தரும் அந்த அடிமையிட்டைக் கேக்கேல்லை" என்றாள். "பேசின நானும் கேக்கேல்லை. அவனுக்கு வாக்கில்லை. அவன் வாசலுக்கு வெளியில நிண்டவன்."

சபை அதையும் ஒரு பேச்சு அலங்காரம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கைதட்டியது. அவள் வாயில் அடுத்த வசனம் வந்து நின்றது. அந்தோனியார் கோயில் என்று சொல்ல இரண்டு சொல்தான் தேவை. முதல் வரிசையில் றோசாவின் முகம் வெளிறியிருந்தது. தலையை இடமும் வலமும் மெல்ல அசைத்தார், வேண்டாம் வேண்டாம் என்பதுபோல. அக்னெஸ் "நன்றி, வணக்கம்" என்று முடித்தாள். ரகுநாதன் என்ன தீர்ப்புச் சொன்னார் என்பது அவள் காதில் விழவில்லை.

மேடையால் இறங்கும்போது அவள் ஒரு முடிவோடு இறங்கினாள். பயந்து பயந்து களைத்துப் போய்விட்டாள். சபைக்குச் சொல்லாவிட்டாலும் எலிசாவுக்கு இன்றைக்குச் சொல்லிவிடுவது. றோசா சொல்லி அவள் அறிவதை விட, தன் வாயால் அறியட்டும். போனால் போகட்டும். இருந்தால், பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக தன் குசினியில் தான் தானாகவே நிற்கலாம். அந்த நினைப்பே நெஞ்சை லேசாக்கியது. கோட்டை எடுக்க உடுப்பு அறைக்குள் போனாள்.

பின்னாலிருந்து ஒரு கை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தது. றோசா. கதவை ஒருக்களித்துவிட்டு, கோட்டுகளுக்கு நடுவே அவளை இழுத்து நிறுத்தினார்.

"பிள்ளை, நீ சவிரியானின்ர மகள் எல்லே?"

அக்னெஸ் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"உன்ரை காலைப் பிடிக்கிறன், என்னைத் தெரியுமெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை." றோசா பிடியை இறுக்கினார். "கொப்பர் சவிரியான் எனக்கு ஒண்டுவிட்ட அண்ணை. நானும் அந்தோனியார் கோயிலடிதான். நான் கலியாணம் கட்டிப் புத்தளம் போகேக்க நீ கைக்குழந்தை. மருமகளின்ர ஆக்களுக்கு நாங்கள் மாதா கோயிலெண்டு சொல்லித்தான் என்ர மகன் கட்டினவன். ரண்டு பிள்ளையளும் பிறந்திட்டுது. நீ வாய் திறந்தா, உன்ரை கொப்பர் ஆர், நான் ஆரெண்டு தோண்டுவினம். சந்தையில உன்னைக் கண்ட நாளிலயிருந்து எனக்கு நித்திரை இல்லை, பிள்ளை. நீ மேடையில நிண்டு அப்பிடிக் கதைக்கேக்க, என்ர சீவன் போயிட்டுது."

அக்னெஸ் அவருடைய முகத்தைப் பார்த்தாள். தகப்பனின் நெற்றி, தகப்பனின் மூக்கு. மாமி என்று கூப்பிட இந்த நாட்டில் அவளுக்கு ஒருவரும் இருந்ததில்லை. கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல் இருந்தது.

கதவு திறந்தது. "அக்கா! இஞ்சயே நிக்கிறியள்? சனம் உங்களைத்தான் தேடுது" என்று எலிசா சிரித்துக்கொண்டு உள்ளே வந்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிடித்திருந்த கையையும் பார்த்தாள். "என்னக்கா, அன்ரியை முந்தியே தெரியுமே?"

றோசாவின் கண் அக்னெஸின் முகத்தை விட்டு அசையவில்லை.

"இல்லை" என்றாள் அக்னெஸ். "எனக்கு இவவைத் தெரியாது."

"நான்தான் பிள்ளை, வேற ஆரோவெண்டு நினைச்சிட்டன்" என்று சொல்லி றோசா கையை விட்டார். கோட்டைத் தலைக்கு மேலால் இழுத்துக்கொண்டு அவசரமாக வெளியே போனார்.

"பாவம் மனிசி" என்றாள் எலிசா. "புது நாடு. ஆரும் சொந்தக்காரர் இருக்கினமோ எண்டு தேடுது போல."

"ஓம்" என்றாள் அக்னெஸ். கோட்டுப் பொத்தானைப் போட அவளுக்குக் கை வரவில்லை. எலிசா குனிந்து, கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.